மூடிய கதவுக்குப் பின்னால் தமிழ்

1

போன வாரத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்தது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பிர்கிட் ஒரு கேக் செய்து கொண்டுவந்தாள். நடுவில் சிவப்புக் கட்டம், அதற்குள் 18 என்ற எண். ‘இன்றிலிருந்து நீ எல்லாவற்றையும் பார்க்கலாம்’ என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தியை மட்டும் அந்தச் சிவப்புக் கட்டத்தின் மேல் வைக்காமல் ஓரத்திலிருந்து வெட்டினேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

இந்த ஊர்க் கடைகளில் வீடியோ கேம் டப்பா ஒவ்வொன்றின் மேலும் ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். வெள்ளை என்றால் எல்லோருக்கும். மஞ்சள் ஆறு வயதுக்கு மேல், பச்சை பன்னிரண்டு, நீலம் பதினாறு, சிவப்பு பதினெட்டு. எந்த நிறம் என்று ஒரு குழு முடிவு செய்கிறது. அந்தக் குழுவுக்கு முழு ஆட்டத்தையும் விளையாடிப் பார்க்க நேரமிருக்காது. அதனால் வெளிவராத கேமை முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் விளையாடி, எந்த இடத்தில் ரத்தம், எந்த இடத்தில் பயம் என்று குறித்து அவர்களுக்குக் காட்ட வேண்டும். ஒன்பது வருடம் அந்த ஒருவராக நான் இருந்தேன்.

சென்னை அசோக் நகரில் இருக்கும் என் தம்பி முரளிக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. “விளையாடறதுக்கா சம்பளம் தர்றாங்க? இங்க இருந்தப்ப கேரம் போர்டுல ஒரு காய் போடத் தெரியாது உனக்கு” என்பான். என் மகன் அருணுக்குப் பதினாறு வயது. நான் வேலையில் பார்க்கும் பாதியை அவன் சட்டப்படி பார்க்கக் கூடாது என்பதில் அவனுக்குத் தீராத கோபம். ‘எந்த கேமின் கதவும் உனக்குத் திறக்கும், ஆனால் உள்ளே போய் உனக்கு ஓடத் தெரியாது’ என்பான், ஜெர்மனில். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஜெர்மனில் கேட்டால் தோள் குலுக்கல் வரும். அறைக்கதவு சாத்தியே இருக்கும்.

வேலையில் சேர்ந்த அன்று ஏழு பக்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பார்க்கும் கேமைப் பற்றி வெளியே ஒரு சொல் பேசக் கூடாது, கணவரிடமும் கூடாது. ஒன்பது வருடம் பேசியதில்லை. இப்போதும் அந்த கேமின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ சொல்லப் போவதில்லை.

2

பிப்ரவரியில் அது வந்தது. தலைப்பு இல்லை, ஒரு எண் மட்டும். பயமுறுத்தும் கேம். பழைய அடுக்குமாடி வீடு ஒன்றில் நாம் மாட்டிக்கொண்டிருப்போம். நீண்ட நடைவழி, இரண்டு பக்கமும் கதவுகள். மைக் போட்டுத்தான் ஆட வேண்டும். நாம் மூச்சுவிடும் சத்தம்கூட அந்த வீட்டுக்குக் கேட்கும், கேட்டால் எதுவோ நம்மைத் தேடி வரும்.

நாங்கள் வேலை செய்யும் அறையில் பகலிலும் திரை இறக்கியிருக்கும். வெளியே காலை பத்து மணி வெளிச்சம் பனியில் பட்டு வெளுத்துக் கிடக்கும், உள்ளே இருட்டு. இரண்டாம் நாள் நடையின் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். இடதுபக்கக் கதவுக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்:

“யாரு உள்ள?”

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அயல்நாட்டில் நெடுநாள் இருந்தவர்களுக்குத் தெரியும், காது இப்படி ஏமாற்றும். டிராம் பிரேக் போடும் சத்தத்தில் யாரோ ‘அம்மா’ என்பதுபோல் இருக்கும். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, பதிவைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன். தமிழ்தான். ஒரு சிறு பெண்ணின் குரல். அடுத்த கதவுக்குப் பின்னால் அதே குரல், “லைட்ட போடேன் ப்ளீஸ்” என்றது. அதற்கடுத்த கதவுக்கு நான் போகவில்லை. கால் எழவில்லை என்று எழுதத் தோன்றுகிறது, உண்மையில் எழாதது கன்ட்ரோலரைப் பிடித்திருந்த கட்டைவிரல். நான் போகாவிட்டாலும் குரல் வந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு, ஒப்பிப்பதுபோல்:

“நான் உன் தெருவுக்கு வரல, நீயும் என் தெருவுக்கு வராத. நான் உன் தெருவுக்கு வரல, நீயும் என் தெருவுக்கு வராத.”

எனக்கு அந்த வாக்கியம் தெரியும். அதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

முரளிக்கும் அவன் மனைவி செல்விக்கும் பிறந்த மகள், யாழினி. அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது நான் லீவில் போயிருந்தேன். அவர்கள் தெருமுனையில் நாலைந்து நாய்கள் படுத்திருக்கும். என் விரலைப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்டும்போதெல்லாம், நாய்களைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி இதைச் சொல்லிக்கொண்டே நடப்பாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். “நானே சொன்னேன் அத்த. அதுங்களுக்குப் புரியும்” என்றாள்.

இப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

3

அறிக்கையில் குரல்களைப் பற்றிய பகுதியில், ‘ஒரு குழந்தையின் குரல், தமிழ், verständlich’ என்று எழுதினேன். ஃபெர்ஷ்டென்ட்லிஷ் என்றால் புரியக்கூடியது. இரண்டு நாள் கழித்து அறிக்கை சுத்தப்பிரதியாகத் திரும்பி வந்தது. குழுவின் செயலர் என் ஜெர்மனைத் திருத்தியிருந்தார். சொல்லுக்கு முன்னால் ‘un’, அதாவது ‘உன்’ என்ற ஜெர்மன் முன்னொட்டைச் சேர்த்திருந்தார். சேர்த்தால் புரியாதது என்றாகிவிடும். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். பதினெட்டு வருடத்தில் என் ஜெர்மனை எத்தனையோ பேர் திருத்தியிருக்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரி. அன்று முதல்தடவையாகப் போய், “இல்லை, நான் எழுதியதுதான் சரி. எனக்குப் புரிகிறது” என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

இந்தக் குரல் எப்படி வந்தது என்று குழு கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. மரியாதையான பதில் வந்தது. சோதித்துப் பார்ப்பவர்கள் பயத்தில் தம்மை அறியாமல் பேசுவதை கேமே பதிவு செய்துகொள்ளும். அடுத்து ஆடுபவருக்கு அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்க வைக்கும். சோதனை தெற்காசியாவில் ஒரு துணை நிறுவனம் மூலம் நடந்தது. வாங்குபவர்கள் யாருக்கும் தெரியாத மொழி என்பதால் அமானுஷ்யம் கூடுகிறது. சோதித்தவர்கள் அனைவரும் பதினெட்டு நிரம்பியவர்கள், கையெழுத்திட்ட ஒப்புதல்கள் கைவசம் உள்ளன.

கடிதம் என் மேசையில் இருந்தது. பக்கத்தில் பிர்கிட் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அழகான மொழி. மந்திரம் மாதிரி இருக்கிறது. என்ன சொல்கிறது?” என்றாள்.

“நாயிடம் பேசுகிறது” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முரளிக்குப் போன் செய்தேன். வெயில், தி.நகரில் அவன் வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை, தண்ணீர் லாரி என்று பேசினான்.

“யாழினி எங்கடா? பேசச் சொல்லேன்.”

“அவளா? அவ பேசியே ரெண்டு மாசம் ஆவுதுக்கா.”

“என்னடா சொல்ற?”

“வீட்டுல வாயே தொறக்கறதில்ல. சாப்பிட வான்னா வருவா. ஏதாவது வேணும்னா பக்கத்து ரூம்லேர்ந்து வாட்ஸ்அப் பண்றா. செல்வி ஒரு நாள் அடிக்கவே போயிட்டா. இந்த வயசுல எல்லாம் அப்படித்தான்னு நான்தான் நிறுத்தினேன். உன் பையனும் அப்படித்தான இருக்கான்?”

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக் கதவும் அப்போது சாத்தித்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு ஏழு பக்கக் காகிதத்தை நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாழினிக்கு ஒரே ஒரு வரி தட்டி அனுப்பினேன்: ‘நான் உன் தெருவுக்கு வரல.’

நீலக் குறி உடனே விழுந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. நான் அடுப்பில் சாதம் வைத்து, கஞ்சி பொங்கி வழிந்து, அதைத் துடைத்துவிட்டு வந்தபிறகுதான் பதில் வந்தது.

‘அத்தை, அது உங்ககிட்டயும் வந்துடுச்சா?’

4

ஈஸ்டர் விடுமுறையோடு ஒரு வாரம் சேர்த்து எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். போவதற்கு முன்னால் அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதற்கொரு படிவம் இருக்கிறது. கம்பெனியில் உங்களுக்குப் பங்கு உண்டா, உங்கள் உறவினர் அங்கே பணிபுரிகிறாரா என்று கேட்கும். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கும் குரல் உறவினருடையதா என்று ஒரு கேள்வி அதில் இல்லை. ‘வேறு’ என்ற கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினேன். அந்தக் குழந்தைக்கு ஒரு வரி அனுப்பினேன் என்பதையும் எழுதினேன்.

யாழினி இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. அவள் அறையில் ஃபேனை நிறுத்தியிருந்தாள், அந்த வெயிலில். அலமாரிக் கதவுகளைத் திறந்தே போட்டிருந்தாள். நாங்கள் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் போனில் தட்டித் தட்டிக் காட்ட, நான் படித்தேன்.

கூடப் படிக்கும் பெண்ணின் அண்ணன் கூட்டிப்போனானாம். கிண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. இன்னும் வெளிவராத கேமை முதலில் ஆடலாம் என்றதும் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆசை. பீட்சா தருவார்கள். ஒரு பேப்பரில் ‘எனக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். ‘எல்லாரும் அடிச்சாங்க அத்தை. யாரும் எதுவும் கேக்கல.’ இந்தி டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஏழு தடவை போயிருக்கிறாள்.

முதல் நாள் பயத்தில் நாய்களுக்குச் சொல்வதைச் சொல்லியிருக்கிறாள். பதிவாகிறது என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாம் தடவை போனபோது, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, கேமுக்குள், பக்கத்து அறையிலிருந்து அவள் குரல் அதைச் சொன்னது.

“அப்புறமும் ஏன்டா போன?” என்றேன்.

நிறைய நேரம் தட்டினாள்.

‘விட்டுட்டு வந்தா என் குரல் அங்கயே இருக்கும்ல. கேமை முடிச்சா எல்லாக் கதவும் தொறக்கும்னு சொன்னாங்க. தொறந்தா எடுத்துட்டு வந்துடலாம்னு போனேன். முடிக்கவே முடியல. ஒவ்வொரு தடவையும் அது இன்னும் நிறைய பேசுது. இப்போ வீட்ல பேசினாலும் எடுத்துக்கும்னு தோணுது. அதான்.’

படித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது, திறந்திருந்த அலமாரியைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே பள்ளிச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

5

முரளியிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. கடையை அடைத்துவிட்டு வந்து, “வா, போலாம்” என்றான். இரண்டு பேரும் கிண்டிக்குப் போனோம். கட்டடத்து வாசலில் ஒரு வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சார், யார பாக்கணும்? ரெண்டாவது மாடியா? அவுங்க காலி பண்ணி ஒரு மாசம் ஆச்சு.”

“சின்னப் பசங்க வருவாங்களா இங்க?” என்று முரளி கேட்டான்.

“வரும் சார். ஸ்கூல் பைய மாட்டிகினு வரும். நான் கேட்டேன், இன்னாம்மா வயசுன்னு. ‘பதினெட்டுண்ணா’ன்னுச்சு ஒரு பொண்ணு. ரெட்ட ஜடை போட்டுகினு இன்னா பதினெட்டு? மேல சொன்னேன். உன் வேலைய பாருன்னாங்க.” தலையைக் குனிந்துகொண்டார். “நானும் பாத்துகினு சும்மா இருந்துட்டேன்.”

சாவியை அவரே கொண்டுவந்து திறந்துவிட்டார். சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச். ஆறு சின்னத் தடுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. நாற்காலிகளை எடுத்துப் போய்விட்டார்கள், தரையில் அவற்றின் கால் பட்ட தடம் மட்டும் இருந்தது. “இதுலயா ஒக்காந்திருந்தா?” என்றான் முரளி. அந்த ஸ்பாஞ்ச் அவன் குரலை அப்படியே தின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே ஏதோ தூரத்திலிருந்து கேட்டதுபோல் இருந்தது. அவன் அதைக் கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். திரும்பும் வழியில் போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தோம்.

அன்று மாலை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. கம்பெனி மறுக்கிறது. பதிவில் இருப்பது அந்தச் சிறுமியின் குரல்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். அவள் அதே சொற்களைப் பேசி, சத்தமில்லாத இடத்தில் பதிவு செய்து அனுப்ப முடியுமா?

அதை யாழினியிடம் காட்ட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. குரல் போய்விட்டது என்று வாயை மூடிக்கொண்ட குழந்தையிடம், குரலை மீட்க இன்னொரு தடவை மைக்கில் பேசு என்று எப்படிச் சொல்வது? செல்வி வேண்டாம் என்றாள். “அவ இப்படியே இருந்தாலும் பரவால்ல அண்ணி, திரும்ப அந்த பயத்த குடுக்காதீங்க.” அவள் சொன்னதில் தப்பே இல்லை.

யாழினி மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்குள் முடியாது என்று தலையாட்டினாள். மொட்டைமாடியைக் காட்டினேன். அங்கே படிக்கட்டுக்கு ஒரு கதவு உண்டு, அதற்கும் தலையாட்டினாள். கடையில் கண் பரிசோதிக்கும் அறை என்றான் முரளி. அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவனே “சரி, சரி, வேணாம்” என்றான். கடைசியில் போனில் தட்டினாள்: ‘ஆட்டோ. அதுக்குக் கதவே இல்ல.’

மறுநாள் காலை நானும் அவளும் அடையாறு போவதாக ஆட்டோ பிடித்தோம். நந்தனம் பக்கம் மரநிழலாக ஒரு சந்து வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

“இன்னாம்மா, பாப்பாக்கு ஒடம்பு சரியில்லையா?” என்றார் ஓட்டுநர். நரைத்த தாடி, ஐம்பது வயதிருக்கும்.

“இல்லண்ணா. ஒரு ரெண்டு நிமிஷம் இன்ஜின ஆஃப் பண்ணுங்க. பாப்பா ஒண்ணு பேசணும், ரெக்கார்டு பண்ணணும்.”

அவர் காரணம் கேட்கவில்லை. இன்ஜினை நிறுத்தினார். தன் போனையும் எடுத்து அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் போனை நீட்டினேன். யாழினி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் சந்து, ஒரு பக்கம் சுவர். மூன்று தடவை உதட்டைப் பிரித்தாள், மூடினாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் உன் தெருவுக்கு வரல” என்றாள்.

குரல் கரகரத்தது. பதிவில் இருந்ததைவிடக் கொஞ்சம் தடித்திருந்தது. நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். யாராவது திருப்பிச் சொல்கிறார்களா என்றுதான் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நானும் கேட்டேன். காகம் ஒன்று கத்தியது, அண்ணா சாலை இரைந்தது, அவ்வளவுதான்.

“நீயும் என் தெருவுக்கு வராத” என்று முடித்தாள். பிறகு, கேட்காமலே, முழுவதையும் இன்னும் இரண்டு தடவை சொன்னாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். “யார சொல்ற பாப்பா? நாயா எதுனா துரத்துச்சா?”

“நாய் இல்லண்ணா” என்றாள் யாழினி. “அது ஒரு வீடு.”

“வீடா?” என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். “நல்லா சொன்ன போ. அதுக்கு அப்டிதான் சொல்லணும்.” இன்ஜினைக் கிளப்பினார்.

6

குரல் ஒன்றுதான் என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்தார்கள். யாழினியின் பிறப்புச் சான்றிதழை முரளி அனுப்பினான். மற்ற குரல்களையும் சோதித்தபோது இன்னும் நான்கு குழந்தைகள் இருப்பது தெரிந்தது. கம்பெனி வருத்தம் தெரிவித்து, சென்னையில் எடுத்த குரல்கள் அத்தனையையும் நீக்கியது. தவறெல்லாம் துணை நிறுவனத்துடையது என்றது. அந்தத் துணை நிறுவனம் எந்த முகவரியிலும் இல்லை. புகார் இன்னும் ‘விசாரணையில்’ இருக்கிறது.

ரகசியக் காகிதத்தை மீறியதற்காக என்னை அழைத்துப் பேசினார்கள். கடுமையாக யாரும் இல்லை. விதி விதிதான் என்றார்கள், அது நியாயம்தான். இனி நான் கேம் பார்ப்பதில்லை. வந்து சேரும் படிவங்களைச் சரிபார்க்கிறேன். வயதுக் கட்டத்தில் டிக் இருந்தால் கூடவே சான்று இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. எழுதிக் கேட்டு நானே வாங்கிக்கொண்ட வேலை. செயலர் என்னைக் காணும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார், எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இலையுதிர்காலத்தில் கேம் கடைக்கு வந்தது, சிவப்புக் கட்டத்தோடு. அருண் ஒரு நாள் சாப்பிடும்போது, “உன்னோட வேலை மாறினதுக்குக் காரணம் அந்த கேம்தானாமே” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் நான் இல்லை, ஏனென்றால் அதை அவன் தமிழில் சொன்னான். யாழினியோடு போனில் பேசுகிறானாம். அவள் ஜெர்மன் கற்றுக்கொள்ளவில்லை, அதனால் வேறு வழியில்லை என்றான்.

யாழினி இப்போது வீட்டில் பேசுகிறாள். ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. முதலில் வாசலில், பிறகு கூடத்தில், மழைக்காலம் முடியும்போது தன் அறையில். அலமாரிக் கதவை இன்னும் மூடுவதில்லை.

கேக் வெட்டிய அன்று மாலை அவளே கூப்பிட்டாள். வாழ்த்துச் சொன்னாள். பிறகு பள்ளிக்கூடம், பரீட்சை என்று சுற்றி வளைத்தாள். கேட்க நினைத்ததைக் கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது.

“அத்த, எல்லாத்துலேர்ந்தும் எடுத்துட்டாங்களா?”

கடைக்கு வந்த பிரதிகளில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எத்தனை பேருக்கு அந்தப் பழைய பிரதி போயிற்று, யார் யார் கணினியில் இன்னும் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கே தெரியாது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“தெரியலடா. எங்கயாவது இருக்கலாம்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். எங்கோ ஒரு ஊரில், திரை இறக்கிய ஓர் அறையில், யாரோ ஒருவர் அந்த நடையில் நின்றுகொண்டிருக்கலாம். கதவுக்குப் பின்னால் அவள் லைட்டைப் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கலாம்.

“எனக்கு அடுத்த மாசம் பதினாலு ஆவுது” என்றாள் யாழினி.

“தெரியும்.”

“அப்புறம் பதினஞ்சு ஆவும், பதினெட்டு ஆவும். ஆனா அந்தக் குரலுக்குப் பதிமூணுதான இருக்கும்?”

“ஆமா.”

“கடைசி வரைக்கும் அது அந்த கேம்ல இருக்கவே கூடாத வயசு.”

நான் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டேன்.

“பாவம் அது” என்றாள்.